மதினி மிதித்த முதுகு

மூன்று வருஷத்துக்கு முன்னால், தீபாவளி முடிந்த கையோடு அடைமழை பிடித்துக்கொண்ட ஒரு கார்த்திகை மாதத்தில் இது நடந்தது. இலங்கையில், பதுளைக்குப் பக்கத்தில், நமுனுகுல மலையில் இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டம்தான் எங்கள் ஊர். நான் பிறந்ததும் அங்கேதான், வாழ்க்கைப்பட்டதும் அங்கேதான், கொழுந்து பறித்து இடுப்பைத் தொலைத்ததும் அங்கேதான்.

இன்று நான் கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறேன். இடது பாதம் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை, தரையில் இழுபடும். இதற்கெல்லாம் காரணம் என் மதினி, அதாவது என் அண்ணன் மனைவி, என்று தோட்டமே பேசுகிறது. மதினி என் முதுகை மிதித்தார், அன்று மத்தியானமே என் கால் விழுந்துவிட்டது. பேசுகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அது உண்மையில்லை. நடந்தது என்ன என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள், என் வாய் சின்ன வயதிலிருந்தே அப்படி.

மதினி காலோடு பிறந்தவர். பிரசவத்தில் தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வருமே, அப்படி. அப்படிப் பிறந்தவர்கள் காலால் மிதித்துவிட்டால் இடுப்புப் பிடிப்பும் சுளுக்கும் விட்டுப்போகும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. ஒரு தோட்டத்தில் அப்படி ஒருவர் கிடைப்பதே அபூர்வம். எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளிகள் இருக்கிற வரிசை வீடுகளில், மதினி இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு இஸ்தோப்பில், அதுதான் காம்பரா என்கிற ஒற்றை அறை வீட்டுக்கு முன்னால் இருக்கிற சின்ன விறாந்தையில், ஒரு சாக்கை விரித்துப் போட்டால் போதும், மேல் லயம், கீழ் லயம் என்று பெண்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கும். வலிக்காரி குப்புறப் படுத்துக்கொள்வாள். மதினி கதவு நிலையைப் பிடித்தபடி குதிகாலை இடுப்பில் வைத்து, கீழ்நோக்கி மூன்று தடவை இழுத்துவிடுவார். அவ்வளவுதான். முடிந்ததும் குனிந்து, மிதித்த இடத்தைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். என்னதான் வைத்தியம் என்றாலும் ஒரு மனுஷி மேல் காலை வைக்கிறோமே என்கிற கூச்சம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை. படுத்திருந்தவள் எழுந்து திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். "போயிட்டு வர்றேன்" என்று மட்டும் சொல்லக்கூடாது, சொன்னால் வலியும் திரும்பி வந்துவிடுமாம்.

"இது என்னா புள்ள முதுகா, தொரை பங்களாவுக்குப் போற ரோடா? இம்புட்டு மேடும் பள்ளமுமா கெடக்கு!" என்று மதினி கேட்பார். சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்கள் சிரிப்பார்கள். காசு பணம் ஒன்றும் கிடையாது. மனசிருந்தால் யாராவது வெற்றிலை கொண்டுவந்து வைப்பார்கள்.

அந்தக் காலுக்கு அப்போது எவ்வளவு மரியாதை தெரியுமா? பிள்ளை பிறந்த வீட்டுக்கு முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். புதுக் கன்று வாங்கினால், "ஒங்க கால் படட்டும் வாங்க" என்று தொழுவத்துக்கு அழைத்துப் போவார்கள். மதினியும் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெருமையாகத்தான் போவார்.

கொழுந்து பறிக்கிறவளுக்கு இடுப்பு வலி என்றால் எங்கள் பக்கத்தில் அதை யாரும் வியாதியாக எடுப்பதில்லை. மழை மாதிரி, அட்டை மாதிரி அதுவும் ஒன்று. தலையில் கயிற்றை மாட்டி முதுகில் சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, செங்குத்தான சரிவில் ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயுமாக நின்று, குனிந்து பறிக்கிறோம். சாக்கு நிறைய நிறைய கயிறு தலையைப் பின்னால் இழுக்கும், விழாமல் இருக்க இடுப்பை முன்னால் தள்ளுவோம். வேலை முடிந்து வந்தால் விறகு, தண்ணீர், துணி. வலி கூடினால் என்ன செய்வோம்? சேலை நனையாமல் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுவோம். தைலம் தேய்ப்போம். அதற்கும் அடங்காவிட்டால் மதினி. நானும் வருஷக்கணக்காக இப்படித்தான் ஓட்டினேன். குனிந்து எழும்போது கத்தி குத்துவது மாதிரி இருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போவேன்.

அன்று வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே தூறல். நனைந்த கொழுந்து கல்லாகக் கனக்கும். நிறுக்கிற இடத்துக்கு இறங்க வேண்டும், நேரமாகிவிட்டது, கங்காணி கீழேயிருந்து கத்திக்கொண்டிருந்தார். மழைத் தண்ணீர் ஓட வெட்டியிருந்த கானை நான் ஒரே எட்டில் தாண்டப் பார்த்தேன். பாசியில் கால் வழுக்கியது. சாக்கை விட்டுவிட்டு வெறும் உடம்போடு விழுந்திருந்தால் முழங்கால் சிராய்ப்போடு போயிருக்கும். ஆனால் நாள் முழுக்கப் பறித்த கொழுந்தைச் சேற்றில் கொட்ட எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு வரும்? சாக்கு சாயாமல் இருக்க உடம்பைத் திருப்பினேன். திருப்பிய வாக்கிலேயே பின்பக்கமாக உட்கார்ந்து விழுந்தேன்.

இடுப்புக்குள் ஏதோ முறிகிற மாதிரி ஒரு சத்தம். வெளியே கேட்டதோ இல்லையோ, எனக்குக் கேட்டது. இடுப்பிலிருந்து இடது கால் சுண்டுவிரல் வரை நெருப்புக் கோடு இழுத்த மாதிரி ஓடியது. பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்த மதினி சறுக்கிக்கொண்டே வந்து என்னைப் பிடித்தார். என்னை ஒரு கல்லில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, தன் சாக்கோடு என் சாக்கையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய் எடை போட்டுவிட்டு வந்தார். அப்புறம் தோளில் சாய்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

வீட்டில் நான் மட்டும்தான். என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறார், மகளும் அங்கேயே கார்மெண்ட்ஸில். சனிக்கிழமை தோட்டத்து டிஸ்பென்சரியில் குளிசை வாங்கி விழுங்கினேன். இடுப்பு வலி குறைந்த மாதிரி இருந்தது. கால் வலிதான் உயிரை எடுத்தது. நிற்க முடியாது, உட்கார முடியாது, இருமினால் கால் துடிக்கும். "எப்படா ஞாயிற்றுக்கிழமை வரும், மதினி மிதித்துவிட்டால் போதும்" என்று சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பக்கத்துக் காம்பராவான மதினி வீட்டுக்குப் போய் வாசல் படியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அதைக் கவனித்தேன். கல் படியில் உட்கார்ந்த மாதிரியே இல்லை. மடித்துப் போட்ட கம்பளி மேல் உட்கார்ந்த மாதிரி, இல்லையென்றால் அந்த இடமே வேறொருத்தியுடையது மாதிரி இருந்தது. கிள்ளிப் பார்த்தேன், கிள்ளினது தெரியவில்லை.

"மதினி, உக்காந்தா உக்காந்த மாதிரியே இல்ல. மரத்துப் போயிருக்கு" என்று சொன்னேன்.

மதினி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். "ஆமா, நீ என்னைக்கு ஒழுங்கா உக்காந்த? உக்கார்றதே ஒனக்கு மறந்துபோச்சு" என்றார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். வலியோடு வலியாக அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகக்கூட இருந்தது. உட்காருகிற இடம் மரத்துப்போவதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. காலையிலிருந்து எனக்கு ஒண்ணுக்கு வரவில்லை என்பதைக்கூட நான் யோசிக்கவில்லை, தண்ணீர் குடிக்காததால் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதினி அன்று மிதிக்கத் தயங்கினார். "இடுப்புப் பிடிப்புன்னா சரி. கால் வரைக்கும் இழுக்குதுங்குற. வேணாம் புள்ள, நாளைக்கு பசறைக்குப் போயி டாக்டர்கிட்ட காட்டுவோம்" என்றார். நான்தான் விடவில்லை. கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினேன். "ஊருக்கெல்லாம் மிதிப்பீங்க, எனக்கு மட்டும் மாட்டீங்களாக்கும்" என்று வம்புக்கும் இழுத்தேன். அந்தப் பேச்சுக்குத்தான் அவர் எழுந்து வந்தார்.

சாக்கில் படுத்தேன். குதிகாலை மெதுவாகத்தான் வைத்தார். மற்றவர்களுக்கு வைக்கிற பாரத்தில் பாதிகூட இல்லை. மூன்று தடவை இழுத்துவிட்டு, குனிந்து என் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் வலி போய்விட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், ராத்திரி பகலாக அலற வைத்த அந்தக் கால் வலி கரைந்து காணாமல் போய்விட்டது. நான் படுத்தபடியே, "மதினி, வலி போச்சு! வலி போச்சு மதினி!" என்று கத்தினேன். முறைக்காகக் காத்திருந்த பெண்கள், "பாத்தியாடி, கால்னா இதுல்ல கால்!" என்று ஆச்சரியப்பட்டார்கள். மதினிக்கு முகமெல்லாம் சிரிப்பு. சூடாக ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் கொடுத்தார். வயிறாரச் சாப்பிட்டேன். வலி குணமானதால் போகவில்லை, நரம்பு செத்துக்கொண்டிருந்ததால் போனது என்பது எங்களில் யாருக்குத் தெரியும்?

மத்தியானம் எழுந்து நடக்கப் பார்த்தேன். இடது பாதம் செருப்பில் நிற்கவில்லை, சொத்தென்று விழுந்தது. வலது காலும் பஞ்சு மாதிரி இருந்தது. கக்கூசுக்குப் போய் எவ்வளவு நேரம் குந்தியிருந்தும் ஒரு சொட்டு வரவில்லை. அடிவயிறு கல்லு மாதிரி வீங்கிப் போயிருந்தது. எழுந்திருக்க முடியாமல் அங்கேயே சரிந்து கத்தினேன். கதவைத் தள்ளித் திறந்து என்னைத் தூக்கியது மதினிதான்.

ஓட்டோ பிடித்து பசறைக்குப் போனோம், அங்கிருந்து ஆம்புலன்ஸில் பதுளைக்கு. அந்த வளைவு நெளிவான ரோட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் மதினி என் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "வலிக்குதா புள்ள?" என்று கேட்டபடியே வந்தார். "இல்ல மதினி, வலியே இல்ல" என்றேன். எனக்கே அது பயமாக இருந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்துப் பெண் டாக்டர் ஒருவர் இருந்தார். சின்ன வயசு. என்னைப் புரட்டிப் பார்த்து, ஊசியால் அங்கங்கே தொட்டுத் தொட்டு, "தெரியுதா? இது தெரியுதா?" என்று கேட்டார். பல இடங்களில் தெரியவில்லை. அப்புறம் என் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து, "அம்மா, கடைசியா எப்ப சலம் போனனீங்கள்?" என்று கேட்டார். சலம் என்றால் சிறுநீர் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. நேற்று என்றேன். டாக்டரின் முகம் மாறிவிட்டது.

"இருக்கிற இடம் எப்ப விறைச்சது?" உட்காருகிற இடம் எப்போது மரத்தது என்றுதான் கேட்டார்.

"இன்னைக்குக் காலையிலங்க. இவங்க மிதிக்கிறதுக்கு முந்தியே."

நன்றாகக் கவனியுங்கள், நான் அன்றைக்கே, அந்த இடத்திலேயே, மதினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதைச் சொன்னேன். பிறகு கட்டிய கதை இல்லை. ஆனால் மதினியின் காதில் ஒரு வார்த்தைதான் விழுந்தது. "மிதிச்சதோ? ஆர் மிதிச்சது?" என்று டாக்டர் நிமிர்ந்து கேட்டார் பாருங்கள், அது மட்டும்தான் விழுந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். என்னைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது அண்ணன் வந்துவிட்டார். யார் என்ன சொன்னார்களோ, வரும் வழியிலேயே கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வராந்தாவில் அத்தனை பேருக்கும் முன்னால் மதினியைப் பார்த்து, "என் தங்கச்சியக் கொன்னுட்டியேடி! ஒன் காலை ஒடிச்சு அடுப்புல வைக்கணும்டி!" என்று கத்தினார்.

நான் படுத்தபடி கையை ஆட்டினேன், "அண்ணே, இல்லண்ணே" என்றேன். வண்டி நகர்ந்துவிட்டது.  மதினி குனிந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவசரத்தில் செருப்புக்கூடப் போடாமல் வந்திருந்தார், இரண்டு பாதத்திலும் சேறு காய்ந்து போயிருந்தது. நான் கண் மூடும் முன் பார்த்தது அதைத்தான்.

பிழைத்தேன். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு காலும் போயிருக்கும், காலத்துக்கும் மூத்திரப் பைதான் என்றார்கள். நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். டியூப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு, ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி எனக்கு எல்லாவற்றையும் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள். வலது கால் வந்துவிட்டது. இடது கால் பாதிதான் வந்தது. மற்ற விஷயங்களும் முழுதாகச் சரியாகவில்லை, அதைப் பத்திரிகையில் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பாரம் தூக்கவே கூடாது, குனியக் கூடாது, மலைக்குப் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

மதினிக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இஸ்தோப்பில் யாரும் இல்லை. அது பரவாயில்லை, மிதிக்காமல் இருப்பதே நல்லது. ஆனால் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்குப் போகும் வழியில் அவர் எதிரே வந்தால் பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். எத்தனை வருஷமாக அந்தச் சாக்கில் குப்புறப் படுத்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கேட்டவர்கள்! கீழ் லயத்தில் ஒரு பிள்ளை பிறந்தது. மதினி வழக்கம்போலப் பார்க்கப் போயிருக்கிறார். பிள்ளையின் அப்பாயி வாசலிலேயே மறித்து, "உள்ள வராதீங்க, புள்ள தூங்குது" என்று சொல்லியிருக்கிறாள். உள்ளே பிள்ளை கத்திக்கொண்டிருந்திருக்கிறது. மதினி, "சரி, தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, வேறு ஆள் சொல்லித்தான் கேட்டேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அடுத்த நாள் தடியை ஊன்றிக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்கு இறங்கினேன். அத்தனை பேரும் குடத்தோடு நின்றார்கள். "ஏன்டி, மரத்துப் போனது எனக்கு. முறிஞ்சது என் இடுப்பு. நானே சொல்றேன் அவங்க மிதிக்க முந்தியே மரத்துப் போச்சுன்னு. ஒங்களுக்கு என்னா கேடு?" என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன்.  "பாவம், அண்ணன் பொண்டாட்டிய விட்டுக்குடுக்க மாட்டேங்குது" என்று பின்னால் ஒருத்தி மெல்லச் சொன்னது காதில் விழுந்தது. இவர்களோடு எப்படித்தான் பேசுவது, சொல்லுங்கள்.

ஊர் கிடக்கட்டும், மதினியாவது நம்ப வேண்டுமே என்று அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்றவரை, "எனக்குத் தனியாப் போக முடியாது" என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனேன். அதே பெண் டாக்டர்தான் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும், மேசையில் இருந்த முதுகெலும்புப் பொம்மையை எடுத்து மதினியின் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"இஞ்ச பாருங்கோ அம்மா. ரெண்டு எலும்புக்கு நடுவில மெத்தை மாதிரி ஒண்டு இருக்கு. வருஷக்கணக்கா பாரம் தூக்கித் தூக்கி, குனிஞ்சு குனிஞ்சு, இவவுக்கு அது நைஞ்சு போச்சு. பாரத்தோட திரும்பி விழேக்க அது பிதுங்கி, பின்னால போற நரம்புக் கட்டை நசிச்சுப் போட்டுது. நீங்க கால் வைக்க முந்தியே இவவுக்கு விறைச்சுப் போட்டுது. அப்பவே எல்லாம் தொடங்கீட்டுது. உங்கட காலால வந்த நோய் இல்லை இது."

மதினி பொம்மையைக் கீழே விழாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி தலையை ஆட்டினார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. கதவுப் பக்கம் வந்துவிட்டோம். அப்போது டாக்டர் பின்னாலிருந்து, "ஆனா இனி ஆரையும் மிதிக்காதேங்கோ அம்மா. அது கூடாது, ஆபத்து" என்றார். டாக்டர் சொல்ல வேண்டியதுதான், சொல்லாவிட்டால்தான் தப்பு. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

பசறை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்த டாக்டர் புள்ள நல்ல புள்ள. என் மனசு நோகக் கூடாதுன்னு எம்புட்டுப் பாடுபட்டுச்சு" என்றார்.

"மனசு நோகக் கூடாதுன்னு இல்ல மதினி, உண்மைய சொன்னாங்க."

"மிதிக்கக் கூடாதுன்னு கடைசியில சொன்னுச்சுல்ல. அதுதான் உண்மை."

நான் விடாமல் வாதாடினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ துள்ளுன புள்ள" என்றார் மெதுவாக. "ரெண்டாந்தடவை இழுக்குறப்ப என் காலுக்குக் கீழ ஒரு துள்ளு துள்ளுன. ஒனக்கு ஞாபகம் இருக்காது. என் காலுக்குத் தெரியும். டாக்டருக்கு எப்புடித் தெரியும்? நீ மரத்துப் போச்சுன்னு சொன்னப்ப நான் சிரிச்சேன். அதுவும் எனக்குத் தெரியும்."

நான் துள்ளினேனா? எனக்கு ஞாபகமில்லை. துள்ளியிருக்கலாம். அந்த வலியில் யார் தொட்டிருந்தாலும் துள்ளியிருப்பேன். இதைச் சொன்னேன்.  அன்றைக்குப் பிறகு அந்தப் பேச்சையே மதினி எடுக்கவில்லை. நான் எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

மகள் ஒரு மாதம் லீவு போட்டு வந்து பார்த்துவிட்டுப் போனாள், வீட்டுக்காரரும் வந்து போகிறார். அவர்கள் வேலையை விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது. அதனால் எனக்கு இப்போது எல்லாம் மதினிதான். நான் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பாரமெல்லாம் அவர் முதுகுக்குப் போய்விட்டது. பெரட்டுக்குப் போகும் முன் பீலியிலிருந்து எனக்குத் தண்ணீர் தூக்கி வருவார். அப்புறம் மலைக்குப் போய்க் கொழுந்து பறிப்பார். சாயங்காலம் வந்து எனக்கு விறகு, எனக்குத் துணி. ஆரம்பத்தில் என்னைத் தூக்கித் தூக்கி உட்கார வைத்ததும், குளிக்க வைத்ததும், சொல்லக் கூசுகிற வேலைகளைச் செய்ததும் அவர்தான். முகம் சுளித்து ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லை.

போன மாதம் ஒரு நாள் காலையில் இரண்டு வாளியையும் வாசலில் வைத்துவிட்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். நிமிர முடியவில்லை. கண்ணை இறுக மூடியிருந்தார். "என்னா மதினி?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, மூச்சு வாங்குது" என்றார். நான் தடியை ஊன்றிப் போய் அவர் இடுப்பில் கையை வைத்தேன். சேலைக்கு அடியில் படங்கைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார், வீட்டிலும்கூட. விரல் நுழைய இடமில்லை.  கால் வரைக்கும் இழுக்கிறதா என்று கேட்டேன், பதில் இல்லை. பதில் இல்லை என்றால் இழுக்கிறது என்றுதான் அர்த்தம்.

 "இன்னைக்கே பதுளைக்குப் போவோம் மதினி, ஒங்க காலுல விழுறேன்" என்று அழுதேன். விஷயத்தைக் கேட்டு அண்ணனும் வந்தார். அன்று ஆஸ்பத்திரியில் கத்தியதை நினைத்து அவர் இப்போது வெட்கப்படுகிறார், வாய் திறந்துதான் சொல்வதில்லை. "நான் கூட்டிட்டுப் போறேன், கெளம்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலில் நின்றார். மதினி அவரை வேலைக்கு அனுப்பிவிட்டு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். என் இடது பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேணாம் புள்ள. இது இருக்கட்டும்" என்றார். "இது வலிக்கிறப்பதான் எனக்குக் கொஞ்சம் நல்லா இருக்கு. ஒனக்குச் செஞ்சதுல ஏதோ கொஞ்சம் கழியிற மாதிரி இருக்கு. அதையும் டாக்டர்கிட்ட குடுத்துட்டா நான் என்னா செய்வேன்?"

 

படிக்கிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். இடுப்பு வலி காலில் இறங்கி, உட்காருகிற இடம் மரத்து, ஒண்ணுக்குப் போக முடியாமல் போனால் வெட்கப்படாதீர்கள், யாரையும் மிதிக்கச் சொல்லாதீர்கள், கிடைக்கிற வண்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலி திடீரென்று நின்றுவிட்டால் சந்தோஷப்படாமல் இன்னும் வேகமாகப் போங்கள். இதைச் சொல்லிவிடலாம், நீங்களும் கேட்டுக்கொள்வீர்கள்.

மதினியிடம் சொல்வதற்குத்தான் என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. தோட்டம் நம்பாவிட்டால் போகட்டும். நம்ப வேண்டிய அந்த ஒரே மனுஷி நம்பாமல், இன்று காலையிலும் எனக்கான தண்ணீரைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். ஆஸ்பத்திரியில் என் உயிரையும் ஒரு காலையும் மீட்டுக் கொடுத்தார்கள். அப்படிப் பிழைத்து வந்து அவர் கண் முன்னால் நான் நொண்டி நொண்டி நடப்பதே அவருக்குத் தினமும் ஒரு தண்டனையாகிவிட்டதோ என்கிற நினைப்பு, இந்த இடுப்பு தந்த எந்த வலியையும்விட எனக்குப் பெரிதாக இருக்கிறது.